எட்டு சதவீத ஆவேசம்!

தஞ்சாவூரில் ஒரு சுவர்கூட வேலையில்லாமல் இருக்காது. மேலே மஞ்சள் நீராட்டு விழா, அதற்குக் கீழே கண்ணீர் அஞ்சலி, பக்கத்தில் 'மூலம், பவுத்திரம்', நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தால் அங்கே உறுமுகிற புலி ஒன்று. புலிக்குக் கீழே கொட்டை எழுத்தில் நாலு வார்த்தை: தமிழர், உரிமை, மீட்பு, எழுச்சி.

இந்த நாலு வார்த்தைகளையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு அமைப்பு வந்து விழும். நாம் தமிழர் கட்சி, தமிழ்த் தேசியப் பேரியக்கம், தமிழர் தேசிய முன்னணி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி... எது யாருடையது, யார் யாரோடு பேசுகிறார், யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று மூச்சுவிடாமல் சொல்கிற ஆசாமிக்கு என் செலவில் கும்பகோணம் டிகிரி காபி, ஸ்டிராங்காக!

எனக்குக் கட்சி கிடையாது சார். பி.காம். உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கோடு கிழித்துப் பார்க்கிற வியாதி அந்தப் படிப்போடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வியாதியோடுதான் இந்தக் கட்சிகளின் பேரேட்டைப் புரட்டினேன்.

புரட்ட வைத்தவன் என் மச்சினன். வயசு இருபத்தாறோ இருபத்தேழோ. ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் டை கட்டிக்கொண்டு போகிற வேலை. பகலெல்லாம் தவணை வசூல். ராத்திரி செல்போனில் மேடைப் பேச்சு. சாப்பாட்டுத் தட்டு எதிரே போன் சாய்ந்து நிற்கும். அதிலிருந்து வருகிற கர்ஜனையில் ரசம் ஆறாது!

"ஏம் மாப்பிள்ளை, இந்த நாலு பேருக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"இருக்கு அத்தான். ஒருத்தர் எலெக்‌ஷன்ல தனியா நிப்பார். ஒருத்தர் நிக்கவே கூடாதும்பார். ஒருத்தர் கூட்டணியில நிப்பார். இன்னொருத்தர் முற்றம் கட்டுவார்."

"அப்ப ஓட்டு?"

"அது ஒரே எடத்துக்குத்தான் போகும்!"

பையன் சும்மா சொல்லவில்லை. கடை நாலு, கல்லாப்பெட்டி ஒன்று. தேர்தலில் நிற்காத பெ. மணியரசன் (தமிழ்த் தேசியப் பேரியக்கம்) ஊர் ஊராகப் பேசிப் பேசிச் சூடேற்றுகிறார். பழ. நெடுமாறன் முன்நின்று தஞ்சாவூர் பக்கம் விளாரில் 2013-ல் முள்ளிவாய்க்கால் முற்றத்தைத் திறந்தார். திறந்த சூட்டோடு அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடிக்க, ஊரே அதைப்பற்றிப் பேசியது. வேல்முருகன் 2021-ல் தி.மு.க. கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று பண்ருட்டி எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் 'தமிழ்த் தேசியம்' என்ற பெயரில் தனியாக விழுகிற ஓட்டில் பெரும்பகுதி சீமான் கணக்கில்தான் வரவாகிறது. உழுதவர் பலர், அறுவடை ஒருவருக்கு!

பழைய பேரேடு

இது புதுக் கடை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1946-ல் ம.பொ.சி. தமிழரசுக் கழகம் ஆரம்பித்தார். எல்லைப் போராட்டம் நடத்தினார். திருத்தணி 1960-ல் நம்மோடு வந்து சேர்ந்ததில் அவர் பங்கு பெரிசு. 1958-ல் 'தினத்தந்தி' சி.பா. ஆதித்தனார் ஒரு இயக்கம் ஆரம்பித்தார். பெயர்? 'நாம் தமிழர்'! ஆமாம், அதே பெயர்தான். 1961-ல் தி.மு.க.விலிருந்து வெளியே வந்த ஈ.வெ.கி. சம்பத், கண்ணதாசனையும் கூட்டிக்கொண்டு தமிழ்த் தேசியக் கட்சி கண்டார்.

பதினைந்து வருஷத்தில் மூன்று பேர். மூன்று பேருமே படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், ஜெயில் பார்த்தவர்கள். கேட்டதும் ஏறக்குறைய ஒன்று. 'தமிழனுக்குத் தனி மரியாதை'. ஒருவர் இந்தியாவுக்குள் என்றார், ஒருவர் வெளியே என்றார், அவ்வளவுதான் தகராறு.

கடைசியில் என்ன ஆச்சு? சம்பத் கட்சி 1964-ல் காங்கிரஸில் கரைந்தது. 1967 தேர்தலில் ம.பொ.சி.யும் ஆதித்தனாரும் தி.மு.க. அணியில் நின்று ஜெயித்தார்கள். ஆதித்தனார் சபாநாயகரே ஆனார். அந்த தி.மு.க.வோ, திராவிட நாடு கோரிக்கையை 1963-லேயே மடித்து பீரோவில் வைத்துவிட்டிருந்தது!

டெல்டாக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். நாற்றங்கால் ஒருவருடையது, பறித்து நட்டது பக்கத்து வயலில். சின்னக் கட்சிகள் விதை விட்டு, தண்ணீர் தெளித்து, களை எடுத்து வளர்த்த கோரிக்கையைப் பெரிய கட்சி ஒரு விடியற்காலையில் வந்து முடிச்சு முடிச்சாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். கேட்டால், 'பயிர் வளர்ந்தால் சரிதானே?' என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

புதுப் பேரேடு

2010 மே மாதம் சீமான் நாம் தமிழர் கட்சியை ஆரம்பித்தார். முதல் முறையாக 2016-ல் 234 தொகுதியிலும் தனியாக நின்றது. கிடைத்தது சுமார் ஒரு சதவீதம். கடலூரில் நின்ற அவரே ஐந்தாம் இடம். ஊர் சிரித்தது.

2019 மக்களவைத் தேர்தலில் நாலு சதவீதத்தைத் தொட்டது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆறரைக்கு மேல். ஓட்டுக் கணக்கில் மாநிலத்திலேயே மூன்றாவது கட்சி. 2024-ல் 'கரும்பு விவசாயி' சின்னம் கைநழுவி 'மைக்' வந்து சேர்ந்தது (இதைவிடப் பொருத்தமாகத் தேர்தல் கமிஷனாலேயே யோசித்திருக்க முடியாது!). அப்படியும் எட்டு சதவீதத்தைத் தாண்டியது. முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல் ஓட்டு. எட்டு சதவீதம் எடுத்தால் ஒரு சீட் இல்லாவிட்டாலும் அங்கீகாரம் உண்டு என்ற விதிப்படி 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி ஆனது.

இது வரவு. பற்று என்ன? 2024-ல் ஒரு தொகுதியிலும் டெபாசிட் மிஞ்சவில்லை! பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால்தான் கட்டிய பணம் திரும்பும். தஞ்சாவூரில் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியும் நாலாம் இடம். நாகப்பட்டினத்தில் பா.ஜ.க.வை முந்தி மூன்றாம் இடம். அங்கே ஜெயித்தது யார் தெரியுமா? இந்தியக் கம்யூனிஸ்ட். சிவப்புக் கொடி மண்ணில் புலிக்கொடி மூன்றாவதாக வந்து நிற்கிறது என்றால் அதை யாரும் ஊதித் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் எட்டு சதவீதம் என்பது தமிழ்நாட்டில் ஒரு விசேஷமான படிக்கட்டு. பலர் அதில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். பா.ம.க. 1989-ல் தனியாக நின்று ஆறு சதவீதத்துக்குக் கிட்டே வாங்கியது, சீட் பூஜ்யம். 1991-ல் ஒரே ஒரு எம்.எல்.ஏ., பண்ருட்டி ராமச்சந்திரன். யானை மேலேறிச் சட்டசபைக்குப் போனார்! விஜயகாந்தின் தே.மு.தி.க. 2006-ல் எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஜெயித்தது அவர் மட்டும். 2009-ல் பத்து. 2011-ல் கூட்டணி, ஓட்டு எட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் சீட் 29! எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி! 2016-ல் இரண்டரைக்கும் கீழே.

தனியாக நின்றால் மரியாதை ஏறுகிறது, சீட் வருவதில்லை. கூட்டணி வைத்தால் சீட் வருகிறது, மரியாதை இறங்குகிறது. இந்தக் கணக்கை டேலி செய்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

ஜூன் 12

என் மச்சினன் ஏன் அங்கே போனான்? 'சினிமாப் பேச்சில் மயங்கிட்டான்' என்பார் என் மாமனார். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரியவில்லை.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் டெல்டாவில் நாற்று விடுவது, நகை அடகு வைப்பது, பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறிப்பது எல்லாம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ச்சியாக ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2020-ல்தான் மறுபடி சொன்ன தேதியில் திறந்தார்கள். அந்த எட்டு வருஷம் என் மச்சினனுக்கு என்ன வயசு? எட்டாம் கிளாஸில் இருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும்! குறுவை என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற வார்த்தை அவனுக்கு. அப்பாவின் ஒன்பது மா நிலம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் மீசை முளைத்தது.

நடுவில் 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளைக் கொளுத்தினார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை அடியோடு சாய்த்தது.

இதற்கு முன்பே 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. அறுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர். அதை எதிர்த்துக் கிராமம் கிராமமாக நடந்த நம்மாழ்வார், பிரசாரத்துக்கு வந்த இடத்திலேயே, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் 2013 டிசம்பர் 30-ல் கண்ணை மூடினார். 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம். கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது டிவியில் பார்த்தவர்கள் நீங்கள். வாசனை பிடித்தவர்கள் நாங்கள்.

இத்தனைக்கும் ஊருக்கு வந்து 'இது உன் மண்ணுடா' என்று சத்தமாகச் சொன்னவர் யார்? ஆளும் கட்சிக்காரர் 'பரிசீலனையில் உள்ளது' என்றார். எதிர்க்கட்சிக்காரர் 'நாங்கள் வந்தால்' என்றார். டெல்லிக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. இந்தச் சின்னக் கட்சிக்காரர்கள்தான் வாடகை வேனில் வந்து வெயிலில் நின்றார்கள். பையன் கை தட்டாமல் என்ன செய்வான்?

இன்னும் சில வரவுகளையும் நேர்மையாக எழுத வேண்டும். வேட்பாளர்களில் சரிபாதி பெண்கள். 2021-ல் 234-க்கு 117. பெரிய கட்சிகள் மேடையில் மட்டும் பேசுகிற கணக்கு இது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை என்கிறார்கள். 'நம்மகிட்டயும் வாங்கிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சு மதிச்சுப் பேசறாங்கல்ல அத்தான்' என்று மச்சினன் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரே பந்தலில் எல்லோரும்

2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு சென்னையில் ஐ.பி.எல். மேட்ச்சை எதிர்த்துப் போராட்டம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் ஒரே ரோட்டில். மேட்ச்சுகள் புனேவுக்குப் போயின. 2020 பிப்ரவரி 5-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் 23 வருஷம் கழித்துக் குடமுழுக்கு. தமிழில் நடக்கணும் என்று மணியரசன் தலைமையில் மீட்புக் குழு. ஹைகோர்ட் மதுரைக் கிளை 'தமிழிலும் நடத்து, சமஸ்கிருதத்திலும் நடத்து' என்றது. சாமி இரண்டையும் கேட்டுக்கொண்டது.

பெரிய கட்சிகளும் இந்தப் பந்தலுக்கு வெளியே இல்லை. 1993-ல் ஜெயலலிதா முதல்வராக இருந்துகொண்டே காவிரிக்காக மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்குகிற சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது, கொண்டுவந்தது அ.தி.மு.க. அரசு. கத்தியது ஒருவர், கையெழுத்துப் போட்டது இன்னொருவர். மறுபடியும் அதே நாற்றங்கால் கதை!

என்னைக் கேட்டால், சின்னக் கட்சிகளின் உண்மையான லாபம் இதுதான். அவர்கள் சீட் வாங்குவதில்லை. சீட் வைத்திருப்பவரைத் தூங்கவிடுவதில்லை. கம்பெனி பாஷையில் சொன்னால், டிவிடெண்ட் கிடையாது, ஆனால் ஆடிட்டர் வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் பந்தல் கலைந்த பிறகு?

அந்த ஏப்ரலில் என் மச்சினன் ஒரு மறியலில் உட்கார்ந்தான். போலீஸ் கல்யாண மண்டபத்தில் வைத்து, பேர் எழுதி, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டது. சில வருஷம் கழித்து சிங்கப்பூர் வேலைக்காக பாஸ்போர்ட்டுக்குப் போனால், 'உன் பேரில் கேஸ் நிலுவையில் இருக்கு' என்றார்கள். மேடையில் பேசியவர் நம்பருக்குப் போன் போட்டால் பாட்டு மட்டும் கேட்டது. கடைசியில் கோர்ட்டில் வந்து நின்ற வக்கீல், அவன் கட்சியே இல்லை. பக்கத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற இன்னொரு சின்ன அமைப்புக்காரர். பைசா வாங்கவில்லை. கேஸ் முடிந்தது. ஆனால் அதற்குள் சிங்கப்பூர் கம்பெனி வேறு ஆளைப் பிடித்துவிட்டது.

பையன் இன்னும் அதே கட்சிதான். ஓட்டு ஒரு இடத்துக்கு, நன்றி இன்னொரு இடத்துக்கு!

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

காவிரிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது நமக்கு அடிக்கடி மறந்துபோகிறது. அந்தப் பக்கம் வாட்டாள் நாகராஜ் இருக்கிறார். கன்னட சலுவளி வாட்டாள் பக்‌ஷா. தலையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எருமை மேல் வந்து போராடுவார், காலிக் குடத்தோடு போராடுவார். சாமராஜநகரில் பல முறை எம்.எல்.ஏ. ஆனவர். நம் ஊர் மேடையில் அவர் வில்லன். அவர் மேடையில் நம் ஆட்கள் வில்லன். உண்மையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சம்பளமில்லாத பிரசாரச் செயலாளர்கள்! அவர் ஒரு உருவ பொம்மை எரித்தால் இங்கே ஆயிரம் உறுப்பினர் சேருகிறார்கள். இங்கே ஒன்று எரிந்தால் அங்கே.

பம்பாய்க் கதை தெரியுமே. 1966-ல் பால் தாக்கரே சிவசேனா ஆரம்பித்தபோது முதல் எதிரி யார்? டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போன 'மதராஸி'. அதாவது உங்கள் அப்பா, என் சித்தப்பா மாதிரி ஆட்கள். 'மண்ணின் மைந்தனுக்கு வேலை' என்பதுதான் கோஷம். நாற்பது வருஷம் கழித்து 2006-ல் மகன் முறையான ராஜ் தாக்கரே (தம்பி மகன்) அதே சரக்கோடு தனிக்கடை போட்டார். 2009-ல் 13 எம்.எல்.ஏ. 2014-ல் ஒன்று. 2024-ல் பூஜ்யம். இதற்குள் எதிரி மட்டும் மாறிக்கொண்டே வந்தான். மதராஸி போய் பீகாரி. எதிரி மாறலாம், எதிரி இல்லாமல் மட்டும் இந்தக் கடையைத் திறந்து வைக்க முடியாது.

யார் தமிழன்?

இங்கேதான் பேரேட்டில் எனக்கு இடிக்கிற பத்தி வருகிறது.

கும்பகோணத்தில் எனக்கு ஒரு நண்பர். பட்டு நெசவுக் குடும்பம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். மற்றபடி கடையில் தமிழ், கோபத்தில் தமிழ், கனவில் தமிழ். காவிரிக்காகக் கடையடைப்பு என்றால் முதல் ஷட்டர் அவருடையது. ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, முடிந்ததும் உள்ளூர் நிர்வாகியைப் பிடித்து நேராகவே கேட்டார்: "தம்பி, உங்க கணக்குல நான் தமிழனா, இல்லையா?"

அந்தப் பையன் பாவம், மரியாதையாகத்தான் சொன்னான்: "அண்ணே, ஆளுறது தமிழனா இருக்கணும். மத்தபடி நீங்க தாராளமா வாழலாம்ணே."

நண்பர் சிரித்தார். பஸ் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார்: "நாயக்கர் காலத்துலேர்ந்து இங்கதான் தறி ஓட்டறோம். வாழலாம்னு எனக்கு பர்மிஷன் குடுக்க அவன் யாருய்யா?"

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு 'சுத்தத் தமிழன்' பட்டியல் போடுவது லேசான காரியமில்லை. ராஜராஜன் 1010-ல் முடித்த கோயில். அதன் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரிய நந்தி நாயக்கர் காலம். கோயில் சுவரில் மராட்டி மொழிக் கல்வெட்டு. மராட்டியர் ஆண்டது 1676-லிருந்து 1855 வரை; அதில் சரபோஜி மன்னர் வளர்த்துவிட்ட சரஸ்வதி மகாலில்தான் இன்றைக்கும் தமிழ் ஏடுகளைத் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். இதில் எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது?

இன்னொரு கேள்வியும் இந்த மண்ணிலேயே கிடக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். எரிந்தவர்களும் தமிழ் பேசியவர்கள், எரித்தவர்களும் தமிழ் பேசியவர்கள். 'நாம் எல்லாரும் தமிழர்' என்ற வாக்கியம் அந்த ராத்திரி யாரையும் காப்பாற்றவில்லை. டெல்டாவில் சிவப்புக் கொடி ஏன் இத்தனை வருஷம் நிற்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் கூலி ஒன்றாகிவிடாது.

இப்போது வயலுக்கு வாங்க. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நடவு சமயத்தில் மேற்கு வங்கத்து ஆட்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். குழுவாக வருகிறார்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறார்கள். கூப்பிட்டது யார்? வெளியூர் முதலாளியா? இல்லை சார், 'வடக்கன் வந்து நம்ம வேலையைப் புடுங்கறான்' என்று சாயங்காலம் டீக்கடையில் பேசுகிற அதே மிராசுதார்தான். காலையில் கான்ட்ராக்ட், சாயங்காலம் கவலை! அவர் மேலும் தப்பில்லை. நம்ம ஊர்ப் பையன்கள் சேற்றில் இறங்குவதில்லை. என் மச்சினனே இறங்கமாட்டான். டை நனைந்துவிடும்!

அந்த நீளப் பெயர் சங்கம்

கடைசியாக ஒரு வரவு. இந்தப் பேரேட்டிலேயே பெரிய வரவு. ஆனால் எந்தச் சுவரிலும் இல்லாதது.

காவிரிக்கு நடுவர் மன்றம் எப்படி வந்தது? பஸ் மறியலில் வரவில்லை, உருவ பொம்மையில் வரவில்லை. 1983-ல் டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டது. சங்கத்தின் பெயர் கேளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருட்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம்! இந்தப் பெயரைப் போஸ்டரில் அடித்தால் பெயரிலேயே போஸ்டர் தீர்ந்துவிடும். கோஷம் போட்டால் ஊர்வலம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஏழு வருஷம் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 1990 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 'ஒரு மாசத்தில் நடுவர் மன்றம் அமை' என்று மத்திய அரசுக்கு உத்தரவு போட்டது. ஜூன் 2-ல் அமைந்தது. 1991-ல் இடைக்கால உத்தரவு 205 டி.எம்.சி. 2007-ல் இறுதித் தீர்ப்பு 192. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆக்கியது.

மேடையில் இந்த மூன்று எண்ணையும் அடுத்தடுத்து அடுக்கி, 'பார், உன்னை எப்படி ஏமாத்தறான்' என்பார்கள். முதல் எண் மேட்டூரில் அளக்கிறது, அடுத்த இரண்டும் மேலே பிலிகுண்டுலுவில் அளக்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். 2018-ல் குறைந்ததில் 10 டி.எம்.சி. நம் டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால் குறைந்தது. மீதி பெங்களூர்க் குடிதண்ணீருக்குப் போனது. இது கோபப்பட வேண்டிய விஷயமா? தாராளமாக. ஆனால் எதற்குக் கோபப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டு கோபப்படுவது நல்லது. போர்வெல்லை நாம் உறிஞ்சுகிற உறிஞ்சலும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு கேட்கும்!

இன்னொன்று. 2003-ல் சென்னை எம்.ஐ.டி.எஸ். ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் முயற்சியில் தமிழ்நாட்டு விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இவர்கள் அங்கே போய் வயலைப் பார்த்தார்கள். அவர்கள் இங்கே வந்து வயலைப் பார்த்தார்கள். தீர்வு உடனே வந்துவிடவில்லை. ஆனால் வற்றின வருஷத்தில் எதிராளி நிலமும் வெடிக்கும் என்பதை இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்தது. இதற்கு யாரும் விசில் அடிக்கவில்லை.

அப்ப யாருக்குப் போடறது?

அதை நான் சொல்லப்போவதில்லை. ஓட்டு ரகசியம், சம்பளம் மாதிரி.

ஆனால் ஆபீசில் உங்கள் பக்கத்து சீட் பையன் செல்போனில் கர்ஜனை கேட்டுக்கொண்டிருந்தால் சிரிக்காதீர்கள். 'ஒரு சதவீதம்' என்று சிரித்தவர்கள் எட்டு வரைக்கும் பார்த்துவிட்டார்கள். அவன் முட்டாள் இல்லை. ஜூன் 12-க்குக் காத்திருந்து ஏமாந்த வீட்டிலிருந்து வருகிறான். அவனிடம் 'வேஸ்ட் ஓட்டு' என்று சொல்வதற்கு முன், உங்கள் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் என்ன செய்தார் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மூன்றே மூன்று. உன் தலைவர் ஜெயித்தால் தண்ணீர் எந்த வழியாக வரும், கோர்ட் வழியாகவா, குரல் வழியாகவா? கேஸ் வந்தால் யார் வருவார்? கும்பகோணத்துத் தறிக்காரருக்கு உன் தமிழ்நாட்டில் நாற்காலியா, பர்மிஷனா?

முதல் கேள்விக்கு மச்சினன் அரை மணி நேரம் பதில் சொன்னான். இரண்டாவதற்குத் தலையைச் சொறிந்தான். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் போனை எடுத்து மேடைப் பேச்சை நிறுத்தினான்.

"அத்தான், இத எங்க ஆளுங்ககிட்டயே கேக்கறேன்" என்றான்.

கேட்கட்டும். கூட்டத்தில் கை தட்டுகிறவனைவிடக் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறவன்தான் ஒரு கட்சிக்கு லாபம். அவனை மேடைக்கு வரச் சொல்கிறார்களா, வெளியே போகச் சொல்கிறார்களா என்பதில் தெரிந்துவிடும், அந்தக் கட்சி எட்டு சதவீதத்துக்கு மேல் வளருமா வளராதா என்று.